மூன்றாவது ஷாஃப்ட்

மூன்றாவது ஷாஃப்டை மைக்ரோமீட்டரின் இடுக்கில் வைத்துத் திருகினாள்.

24.52.

இருக்க முடியாது.

முதலாவது 25.01. இரண்டாவது 24.99. மேசையில் ஒட்டியிருக்கும் டிராயிங்கில் 25 மி.மீ. என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ஐந்து இரும்புத் தண்டுகளும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. இதில் மட்டும் அரை மில்லி எங்கே போகும்?

அவளுக்குப் புரிந்துவிட்டது. மைக்ரோமீட்டரின் அரை மில்லிக் கோட்டைச் சரியாகப் பார்க்கவில்லை. புதிதாக அளக்கிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு. கல்லூரியில் ஒன்பது வருடம் அந்தத் தப்பைக் கரும்பலகையில் பெரிதாக வரைந்து, வட்டம் போட்டுக் காட்டியவளே அவள்தான்.

24.52-ஐ அடித்தாள். மேலே 25.02 என்று எழுதினாள்.

அப்பாடா என்றிருந்தது.

நான்காவது, ஐந்தாவது சுலபமாக முடிந்தன.

இது பம்ப் கம்பெனி. குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலைக்கு அளவெடுக்கும் டெஸ்ட், ஒரே ஓர் இடம். விண்ணப்பத்தில் பி.இ. மட்டும் எழுதியிருந்தாள். எம்.இ.யை மறைத்துவிட்டாள். அதிகம் படித்தவர்கள் நிலைக்க மாட்டார்கள் என்று முதலிலேயே கழித்துவிடுவார்களாம். பிள்ளைகள் சேரவில்லை என்று கல்லூரியில் மெக்கானிக்கல் துறையையே மூடி நான்கு மாதம் ஆகிறது. இதுவும் போனால், அக்கா சொல்லிவைத்திருக்கும் துணிக்கடையில் பில் போட உட்கார வேண்டியதுதான்.

முப்பத்தாறு வயதில்.

கல்லூரியில் அவள் பார்த்துக்கொண்ட லேபிலும் மைக்ரோமீட்டர்கள் இருந்தன. நான்கு. வகுப்புக்கு அறுபது பிள்ளைகள். கீழே போட்டு உடைத்தால் யார் பதில் சொல்வது? பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவாள். இன்ஸ்பெக்‌ஷன் கமிட்டி வரும் அன்றைக்கு மட்டும் எண்ணெய் துடைத்து வெளியே வைப்பாள்.

மற்ற நாட்களில் பிள்ளைகள் சீனியர்களின் ரெக்கார்டைப் பார்த்து அளவுகளை எழுதிக்கொள்வார்கள். ஆசைப்பட்டு ஒருவன் கேட்டு வாங்கி அளந்தாலும் புத்தகத்தில் இருக்கிற விடை வராது. வராவிட்டால் வரவைப்பார்கள்.

அவள் கையெழுத்துப் போடுவாள். எந்தக் கெட்ட எண்ணமும் கிடையாது. பாவம், பாஸாகட்டும் என்றுதான்.

நேரம் முடிந்தது. நவநீதன் உள்ளே வந்தான்.

டெஸ்ட் எடுப்பது அவன்தான். காலையில் பெயரைக் கூப்பிடும்போதே இரண்டு பேருக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. அவளிடம் படித்தவன். அந்த பேட்ச்சிலேயே அழகான ரெக்கார்டு அவனுடையது. எம்.இ.யைப் பற்றி அவன் மூச்சு விடவில்லை.

தாளை எடுத்தான். மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தான்.

மூன்றாவது வரியில் நின்றான்.

அந்த ஷாஃப்டை எடுத்துக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினான். திரும்ப வைத்தான்.

“அடிச்சீங்களே மேம்... அதுதானுங்க சரி.”

வேண்டுமென்றே ஒன்றை மட்டும் லேத்தில் குறைத்துக் கடைந்து கலந்து வைத்திருந்தார்கள். அதைக் கண்டுபிடிக்கத்தான் டெஸ்டே.

அவளுக்கு முகம் எரிந்தது. தப்பாக அளந்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். சரியாக அளந்திருக்கிறாள். பிறகு உட்கார்ந்து தன் கையாலேயே அதைத் தப்பாக்கியிருக்கிறாள்.

அவன் டிராயரைத் திறந்தான். வெற்றுத் தாள் ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

“இதுல மறுபடி எழுதிக் குடுத்துருங்க மேம். நான் சைன் போட்டுக்கறேன்.”

மெதுவாகத்தான் சொன்னான். உண்மையான பரிவோடு சொன்னான். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

ஐந்தே எண்கள். நாலு சரி. ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். அதுவும் அவளே அளந்த எண்தான், திருட்டுக்கூட இல்லை. பேனாவைக் கையில் எடுத்தாள்.

“உனக்கு மொதல் தடவையே கெடச்சுதா நவநீதா?”

“இல்லீங்க மேம். மூணு கம்பெனில இந்த மாதிரி டெஸ்ட்லயேதான் போச்சு. இது நாலாவது.”

சிரித்துக்கொண்டே சொன்னான். குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பேனாவை மூடினாள்.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் வெற்றுத் தாளை டிராயரிலேயே போட்டாள். அடித்தல் இருந்த தாளை எடுத்து, கீழே தன் பெயரை எழுதி, அவன் பக்கம் நகர்த்தினாள்.

அவன் அந்தத் தாளை எடுத்து மற்றவற்றோடு வைத்தான்.

பிறகு கதவைத் திறந்து அடுத்த பெயரைக் கூப்பிட்டான்.

பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். மிஞ்சிப்போனால் இருபத்திரண்டு இருக்கும். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, ஃபைலை மார்போடு அணைத்தபடி, உதட்டுக்குள் எதையோ மனப்பாடமாக ஓட்டிக்கொண்டே வந்தாள்.

வாசலில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். காலியிருப்பது ஒரே இடம்.

“வர்றத அப்படியே எழுது கண்ணு” என்று சொல்லிவிட்டு, அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினாள்.