மங்கும் இடம்

"உங்க கட்டுரையை நான் நம்பல. அதை நேர்ல சொல்லத்தான் பெர்லின்லேர்ந்து ரயிலேறி வந்தேன்" என்றார் பேராசிரியர் ஃபோக்ட்.

"சந்தோஷம். முதல்ல கதவைச் சாத்துங்க. வெளிச்சம் பட்டா அளவு கெட்டுடும்" என்றாள் ஹென்ரிக்கே.

லைப்சிக் ஆய்வறை கும்மிருட்டானது. ஃபோக்ட் மேசையில் முட்டிக்கொண்டார்.

"ரெண்டடி இடப்பக்கம் நாற்காலி இருக்கு, புரொபசர்."

"நீங்க எழுதின அதே செமிகண்டக்டர் படிகத்தை எங்க ஆளுங்க மூணு வாரம் சோதிச்சாங்க. குறையே இல்ல."

"இருக்கு. ஒரு அணு இருக்கவேண்டிய இடம் காலியா இருக்கு. லேசர் பட்டு படிகம் ஒளிரும்போது மைக்ரோவேவ் அலைவரிசையை மாத்திக்கிட்டே போனா, அந்தக் குறைக்குப் பொருந்துற இடத்துல ஒளி துளியூண்டு மங்குது."

"எனக்கே பாடமா? இதுலயே தலை நரைச்சவன் நான். வரைபடத்தைக் காட்டுங்க."

"வரைபடம் எதுக்கு? கேளுங்க."

ஒளியின் அளவு ஒலியாக மாறி, ஒலிபெருக்கி ஒரே சுருதியில் முனகியது. ஓரிடத்தில் மட்டும் சுருதி மெல்ல இறங்கி ஏறியது.

"இன்னொரு தடவை!"

மறுபடியும் அதே இடத்தில் இறங்கியது. ஐந்தாவது தடவை, "இதோ!" என்று ஃபோக்டே கத்திவிட்டார்.

"எங்க ஆளுங்க இத்தனை பேர் பார்த்தும் எப்படித் தப்பிச்சுது?" என்றபடி எழுந்து விளக்கைப் போட்டார்.

அவள் மேசையில் திரையே இல்லை. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் மடித்து வைத்த வெள்ளைக் கோல் இருந்தது.

ஒலிபெருக்கி வீறிட்டது.

"லைட்டப் போட்டுட்டீங்களா? காது கிழியுது" என்று சிரித்தாள் ஹென்ரிக்கே. "அணைச்சிட்டு உக்காருங்க, புரொபசர். இன்னொண்ணும் கண்டுபிடிச்சு வச்சிருக்கேன்."