மெர்லினின் நகம்

தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் வெளிநாட்டு நத்தைகளைத் தொட்டுப் பார்ப்பதுதான் மெர்லினின் வேலை. கெட்ட கிருமி இருந்தால், அரசாங்கம் பொருத்திய அவள் நகம் சிவந்துவிடும்.

அவளுடைய நிச்சயதார்த்த விருந்தில் வருங்கால மாமியார் ஆசையாய் நத்தை வறுவல் பரிமாறினார். மெர்லின் தொட்டாள்; நகம் சிவந்தது. பந்தியே இலையிலிருந்து கையை எடுத்தது.

"ஏட்டி, நீ பாத்து அனுப்புன நத்தைதான இது! என் சமையல்லயா குத்தம்?" என்று மாமியார் சீறினார்.

மெர்லின் எழுந்துபோய்ச் சோப்பு போட்டுக் கை கழுவி வந்து வறுவலை மறுபடி தொட்டாள். நகம் வெள்ளையாகவே இருந்தது. சற்று யோசித்தவள், மோதிரம் போட்ட சாக்கில் பந்தியில் உட்காரும்வரை தன் கையை விடாமல் பிடித்திருந்த மாப்பிள்ளை டிக்சனைத் தொட்டாள். செக்கச்செவேலென்று சிவந்தது.

மாமியார் கரண்டியோடு மகன் பக்கம் திரும்பினார். "ஏல, கக்கூசுக்குப் போயிட்டு சோப்பு போட்டியால?"

பந்தியில் பாதிப் பேர் சத்தமில்லாமல் எழுந்து குழாயடிக்குப் போனார்கள்.