ஆபரேஷன் யாருக்கு?

"அடுத்த ஆபரேஷன் யாருக்கு? அவங்களுக்கா, உங்களுக்கா?"

டாக்டர் கேட்டதும் மெக்கானிக் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். சட்டையின் நடு பட்டன் எப்போது தெறிக்கலாம் என்று காத்திருந்தது. பக்கத்தில் அவர் மனைவி. இருபத்தெட்டு கிலோ இளைத்திருந்தாள்.

ஆறு மாதத்துக்கு முன் இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் அவளுக்கு நடந்திருந்தது. ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிடுகிறவர்களை ஒப்பிட்டுப் பார்ப்பது அந்த டாக்டரின் வழக்கம். அதனால் அப்போதும் இப்போதும் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ரத்தம் எடுத்திருந்தார்கள்.

"வேற யாரோ டியூபோட மாறிடுச்சுன்னு லேப்ல சண்டையே போட்டேன். ரெண்டு பேருக்கும் திரும்ப எடுத்தாச்சு. மறுபடியும் அதேதான்." டாக்டர் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கம் பக்கமாக வைத்தார். "அவங்களுக்குக் கெட்ட கொழுப்பு இறங்கி, நல்ல கொழுப்பு ஏறியிருக்கு. உங்க ரத்தம் பால் ஊத்தின மாதிரி கலங்கி நிக்குது!"

"ஒரே சமையல்தான் டாக்டர். எனக்கும் ஒண்ணும் புரியல," என்றார் மெக்கானிக்.

"இரும்பு துருப்பிடிக்கிறது உங்களுக்குத் தெரியும். உடம்புக்குள்ளேயும் அந்த மாதிரி ஒரு துரு உண்டு. ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்னு பேரு. அவங்களுக்கு அது குறைஞ்சிருக்கு, உங்களுக்கு ஏறியிருக்கு. பெண்டாட்டி வாயைக் கட்டுறப்போ நீங்க இப்படித் தின்னலாமா? வெட்கமா இல்ல?"

மனைவிதான் பொறுக்க முடியாமல் உண்மையை உடைத்தாள்.

"அவரைத் திட்டாதீங்க டாக்டர். என் தட்டையும் அவர்தான் சாப்பிடறார்."

"ஏன்?"

"அத்தைக்கு ஆபரேஷன் விஷயம் தெரியாது. பித்தப்பையில கல்லுன்னு சொல்லி வச்சிருக்கோம். பக்கத்து வீட்டம்மா இதே ஆபரேஷன் பண்ணிக்கிட்டப்போ, 'வாயைக் கட்டத் துப்பில்லாம வயித்தை அறுத்துக்கிறாளுங்க'ன்னு அத்தை ஒரு மாசம் பேசினாங்க. இப்ப எனக்கு மூணு வாய்க்கு மேல இறங்காது. அவங்களோ மலை மாதிரி குவிக்கிறாங்க. மீதி வச்சா கேள்வி வரும். அவங்க அந்தப் பக்கம் திரும்பினதும் இவர் எடுத்துச் சாப்பிட்டுடுவார்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நல்ல மனசுதான். ஆனா இப்படியே போனா மாரடைப்புல போய்ச் சேருவீங்க. இன்னைக்கே அம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க."

வீட்டில் அம்மா தட்டு வைத்துக் காத்திருந்தாள். மருமகள் தட்டில் சோறு விழுந்தது. உருளைக்கிழங்கு வறுவல் விழுந்தது. ரெண்டு முட்டை. மறுபடியும் வறுவல்.

"போதும் அத்தை..."

"சும்மா இரு. வீட்டுல மனுஷங்க அரை வயிறா கிடக்கக் கூடாது."

மெக்கானிக்குக்குக் கோபமும் பயமும் ஒன்றாக வந்தன. "அம்மா, அவளால சாப்பிட முடியாதும்மா! அவளுக்கு நடந்தது கல்லு ஆபரேஷன் இல்ல. வயித்தைச் சுருக்கிற ஆபரேஷன்!"

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இடி விழவில்லை. கரண்டிச் சத்தம்தான் கேட்டது.

"தெரியுமே," என்றாள் அம்மா. "கல்லை எடுத்தா யாராவது இவ்வளவு இளைப்பாங்களா? கல்லா, பாறாங்கல்லா?"

"தெரிஞ்சும் ஏன் அத்தை கேக்கல?"

"நீ மறைக்கிறேன்னா நான் பேசின பேச்சு உன்னைச் சுட்டிருக்குன்னுதானே அர்த்தம்? அதான் வாயை மூடிக்கிட்டேன்."

மெக்கானிக்குக்கு இப்போதுதான் நிஜமாகவே குழம்பியது. "மூணு வாய்க்கு மேல அவளுக்கு இறங்காதுன்னு தெரிஞ்சும் ஏம்மா தினம் இவ்வளவு குவிச்சே?"

அம்மா மகனைப் பாவமாகப் பார்த்தாள்.

"அவ தட்டுல மிஞ்சினதை நீ திருட்டுத்தனமா தின்னதைப் பார்த்தேன்டா. இளைக்கிறவ எதிர்ல இன்னும் போடுன்னு கேக்க உனக்குக் கூச்சமாக்கும்னு நினைச்சேன். பிள்ளை பசியோட கிடக்கிறானேன்னு, உன் பங்கைத்தான் அவ தட்டுல வச்சேன்!"