அரை டாக்டர் சொன்னால் சரி

“முதல்ல அந்த மருந்தைக் கழட்டச் சொல்லு!”

வார்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அண்ணன் போட்ட உத்தரவு இது.

சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் அரை டாக்டர். ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கிற வேலைதான். ஆனாலும் அவரைக் கேட்காமல் தலைவலிக்குத் தைலம்கூடத் தடவ மாட்டார்கள்.

கட்டிலில் படுத்திருந்தவர் அவருடைய தங்கை புருஷன். அச்சகத்தில் நாள் பூராவும் நின்றே வேலை பார்ப்பவர். மூட்டு வலிக்கு வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுப் போட்டு, இரைப்பையில் புண் வந்து, முந்தாநாள் ரத்த வாந்தி எடுத்துவிட்டார். குழாய் விட்டுப் பார்த்து ரத்தத்தை நிறுத்திய டாக்டர், அமிலம் சுரப்பதை அடக்கும் மருந்தை மூன்று நாள் விடாமல் நரம்பில் ஏற்றச் சொல்லியிருந்தார். இன்று இரண்டாம் நாள்.

“அமிலம் அடங்கினாத்தான் புண்ணு மேல ரத்தம் உறைஞ்சு நிக்குமாம் அண்ணா. இல்லேன்னா மறுபடி பிச்சுக்குமாம்” என்றாள் தங்கை.

“அவங்க அப்படித்தான் சொல்வாங்க. அடுப்பை அணைச்சுட்டா சோறு எப்படி வேகும்? வயித்துல அமிலம் இல்லேன்னா சாப்பாடு எப்படிம்மா செரிக்கும்?”

“ரெண்டு நாளா ஒரு வாய் தண்ணிகூடக் கொடுக்கலை மச்சான். எதைச் செரிக்கிறது?” என்றார் நோயாளி, ஈனக் குரலில்.

“நீங்க பேசாதீங்க மாப்பிள்ளை, ரத்தம் போன உடம்பு. என்னையே எடுத்துக்கோங்க. எனக்கும்தான் வயித்தெரிச்சல் இருந்துச்சு. ஒரு மாத்திரை தொட்டிருப்பேனா? மனசை அடக்கினேன், வயிறு தானா அடங்கிடுச்சு!”

பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார். “என் காலையும் கொஞ்சம் பாருங்களேன்.”

அரை டாக்டர் பார்த்தார். இரண்டு மாத்திரைகளை நிறுத்தச் சொன்னார்.

தங்கை கைகளைக் குவித்து ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா போன பிறகு அண்ணன் சொல்லை அவள் தட்டியதே இல்லை.

“சிஸ்டர், அந்த மருந்தை நிறுத்திடுங்க.”

நர்ஸ் பதறிப் போனாள். “மறுபடி ரத்தம் வந்தா உசுருக்கே ஆபத்தும்மா!”

“எங்கண்ணன் சொன்னா சரியா இருக்கும்.”

நர்ஸ் டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். ‘மருந்து வேண்டாம் என்று நாங்களே சொன்னோம். உயிருக்கு என்ன நேர்ந்தாலும் பொறுப்பு எங்களுடையது.’

“நல்லாப் படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க.”

தங்கை படிக்கவில்லை. பேனாவை வாங்கினாள்.

“நீயும் கொஞ்சம் யோசிச்சுக்கோம்மா” என்றார் அண்ணன். சுருதி இறங்கியிருந்தது.

“நீ யோசிச்சுட்டே இல்ல அண்ணா, அது போதும்.”

பேனா தாளைத் தொட்டது.

பாய்ந்து வந்து தாளைப் பிடுங்கினார் அரை டாக்டர். முகமெல்லாம் வேர்வை.

“வேணாம்மா! போன வருஷம் வெளியூர் போறேன்னு சொல்லிட்டு நான் ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியிலதான் படுத்திருந்தேன். அப்புறம் அமிலத்தை அடக்குற மாத்திரையைப் பாதியில நிறுத்தி ரெண்டாவது தடவையும் ரத்த வாந்தி எடுத்தேன். இன்னைக்குக் காலையிலகூட அதைப் போட்டுட்டுத்தாம்மா வந்தேன்!”