விலகிப் போன குண்டு

"துப்பாக்கிப் பேரலைத் துடைச்சியா, இல்லையா?"

மாமா போட்ட சத்தத்தில் மைதானமே திரும்பிப் பார்த்தது. விளையாட வந்திருந்த கல்லூரிப் பட்டாளம் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றது.

"மறந்துட்டேங்க," என்றாள் அக்கா, தலையைக் குனிந்தபடி.

"சாப்பிட மறப்பியா? உள்ள பழைய பெயிண்ட் ஒட்டிக்கிட்டு இருந்தா குண்டு எப்படி நேராப் போகும்? அறிவிருக்கா உனக்கு?"

தம்பிக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

அக்காவும் மாமாவும் நடத்துகிற பெயிண்ட்பால் மைதானம் அது. சாயம் நிரப்பிய குண்டுகளால் ஒருவரையொருவர் சுட்டு விளையாடுகிற இடம். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் மாமாதான் சுட்டுக் காட்டுவார். எதிரே நிற்கிற தகர டிரம்மில் அவர் குண்டு நூல் பிடித்த மாதிரி போய் விழும். அதனால் அவருக்குப் பேரே 'நூல்'.

இப்போது சில மாதமாகக் குண்டு டிரம்மைத் தாண்டி எங்கோ போகிறது. பழி மட்டும் குறி தப்பாமல் அக்கா மேல் விழுகிறது. போன வாரம், குண்டு டப்பாவைத் திறந்து போட்டுவிட்டாளாம், ஈரத்தில் குண்டெல்லாம் ஊதிப்போச்சாம். இந்த வாரம் பேரல்.

"என்ன நூல் அண்ணே, அறுந்துடுச்சா?" என்று கூட்டத்தில் ஒருத்தன் கேட்டான்.

மாமா துப்பாக்கியை அக்கா கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று பின்பக்கம் போய்விட்டார்.

தம்பி தீர்மானித்துவிட்டான். இன்றைக்கு அக்காவைக் கையோடு அழைத்துக்கொண்டு போய்விட வேண்டியதுதான்.

சாமான் அறையில் அக்கா துப்பாக்கிகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். துணி சுற்றிய குச்சியை விட்டு இழுக்க இழுக்க, ஒவ்வொரு பேரலும் பளபளவென்று வந்தது. மாமாவின் துப்பாக்கியையும் துடைத்தாள். அப்புறம் ஒரு குண்டை நசுக்கி, சாயத்தைக் குச்சியில் தொட்டு, அந்தப் பேரலுக்குள் பூசினாள்.

"அக்கா! வேணும்னேதான் பண்றியா? நல்லாப் பண்ணு! அந்த ஆளுக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்!"

"கத்தாதடா." அக்கா வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "அவர் கை நடுங்குதுடா."

"என்னது?"

"டாக்டர் என்கிட்டத் தனியாச் சொன்னார். மருந்து கொடுக்கலாம், ஆனா நிறுத்த முடியாதாம். கூடிக்கிட்டேதான் போகுமாம். அவருக்கு நான் சொல்லல. சத்துக் குறைவுன்னு சொல்லி மாத்திரை கொடுத்துக்கிட்டு இருக்கேன்."

தம்பி அவள் கையிலிருந்த துப்பாக்கியைப் பார்த்தான்.

"குண்டு விலகினா முதல்ல பேரலைத்தான் வெளிச்சத்துல தூக்கிப் பார்ப்பார். அது சுத்தமா இருந்துட்டா, காரணம் தேட அவருக்குத் தன் கையை விட்டா வேற இடம் இல்லடா. ஈரத்துல டப்பாவைத் திறந்து வச்சதும் நான்தான். திட்டிட்டுப் போகட்டுமே, நான் என்ன தேய்ஞ்சா போயிடுவேன்?" துப்பாக்கியை நீட்டினாள். "இதைக் கொண்டுபோய்க் கொடு. துடைச்சாச்சுன்னு சொல்லு."

பின்பக்கம், பழுது பார்க்கிற மேசை முன்னால் மாமா தனியாக உட்கார்ந்திருந்தார். துப்பாக்கியைக் கொடுத்த பிறகும் தம்பிக்குக் கால் நகரவில்லை. கதவோரமாகவே நின்றுவிட்டான்.

அவன் போய்விட்டதாக நினைத்து, மாமா பேரலைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்து நிதானமாகத் துடைத்தார். மறுபடி மாட்டி, துப்பாக்கியை மேசையில் இருந்த இரும்புப் பிடியில் அசையாமல் இறுக்கினார்.

சுட்டார். எதிர்ச் சுவரில் குண்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரே இடத்தில் உடைந்தன.

எடுத்துக் கையில் பிடித்துச் சுட்டார். சுவர் முழுக்கச் சாயம் அம்மை போட்ட மாதிரி சிதறியது.

தம்பியை அறியாமல் ஒரு விசும்பல் வந்துவிட்டது. மாமா திரும்பினார்.

"துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு, மாப்ள."

"மாமா... உங்களுக்குத் தெரியுமா?"

"துடைக்க மறக்கிற ஆளா உங்கக்கா? மத்ததெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கு, என்னோடது மட்டும் எப்பப் பார்த்தாலும் அழுக்கு. அப்பவே புரிஞ்சு போச்சு. டாக்டரையும் நானே போய்ப் பார்த்துட்டு வந்துட்டேன்."

"அப்புறம் எதுக்கு மாமா, அத்தனை பேர் முன்னாடி அவளைப் போய்..."

மாமா நடுங்கும் கையை மற்றக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"திட்டுறதை நிறுத்திட்டா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவ கண்டுபிடிச்சிடுவா, மாப்ள. இப்போ ராத்திரி கொஞ்சமாவது தூங்குறா."