ஓடிப்போகாத பாம்பு

ஒவ்வொரு ஊரிலும் சர்க்கஸ் கூடாரம் நிரம்புவதற்காக, பாம்பு நடனக்காரி லூரீனின் மலைப்பாம்பு தப்பி ஓடிவிட்டதாக விளம்பரக்காரன் டட்லி பேப்பரில் செய்தி போடுவான். வாலில் வெட்டுத் தழும்புள்ள அந்தப் பாம்போ பெட்டியிலேயே சுருண்டு கிடக்கும். மறுநாள் அந்த ஊர் ஷெரிப் ஒரு மலைப்பாம்பைச் சாக்கில் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். அதற்கும் வாலில் அதே வெட்டுத் தழும்பு இருக்கும்.

கான்சாஸில் நாலு ஊர் தாண்டுவதற்குள் லூரீனிடம் ஐந்து பாம்புகள் சேர்ந்துவிட்டன. முயல் வாங்கிப் போட்டே அவளுக்கு அலுத்துப்போனது.

“இன்னொரு தடவை பாம்பு ஓடிப்போச்சுன்னு எழுதினே, நான் கிளம்பிடுவேன் டட்லி. அஞ்சையும் நீயே கழுத்துல போட்டுக்கிட்டு ஆடு.”

“சரி தாயே, பாம்பைப் பத்தி இனி ஒரு வரிகூட எழுத மாட்டேன். போதுமா?”

சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். ஐந்தாவது ஊரின் பேப்பரில், ‘பாம்பு நடனக்காரி லூரீனைக் காணோம்’ என்று வந்தது. அவள் அதைக் கையில் கசக்கிப் பிடித்துக்கொண்டு, அவனை ஒரு கை பார்க்கக் கிளம்பி, தான் தங்கியிருந்த வண்டியின் கதவைத் திறந்தாள்.

வாசலில் ஷெரிப் நின்றிருந்தார்.

“உங்க லூரீன் கிடைச்சுட்டாங்கம்மா. சோளக்காட்டுல தனியா நின்னுக்கிட்டிருந்தாங்க.”

அவருடைய காரிலிருந்து லூரீனின் அதே முகத்தோடு, அவள் போட்டிருந்த அதே பச்சை உடையில் ஒருத்தி இறங்கினாள். அவள் கையிலும் ஒரு பேப்பர் கசங்கியிருந்தது.

“டட்லி எங்கே?” என்றாள் எரிச்சலாக.