ட்ரம்பெட்டில் ஒரு நெளிவு

அருளையாவுக்கு இடுப்பு விண்விண்ணென்று வலிக்கிறது. இத்தாலியில், பல்லரோச் சந்தையருகே கச்சேரி மேடைக்குக் காலையிலிருந்து பெட்டி சுமக்கிறார். ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் ஊத எட்டுப் பேரை வைத்து ஒரு காலத்தில் மைதானங்களை நிறைத்த கனடா ராக் குழு ஒன்றின் கச்சேரி. குழுவின் பெயர் யாருக்கென்று வழக்காடியே கரைந்து, இப்போது ஊத ஒருத்தன்தான் மிச்சம்; மற்றதெல்லாம் மடிக்கணினி ஊதுகிறது. ஒத்திகையில் அவனுக்கு உச்சச் சுரம் எட்டவில்லை, வெறும் காற்றுத்தான் வருகிறது. உடனே ட்ரம்பெட்டிலுள்ள நெளிவைக் காட்டி, இந்தக் கிழவன்தான் போட்டு உடைத்தான் என்று கத்துகிறான். மேலாளர் நாளைய வேலைப் பட்டியலில் அருளையாவின் பெயரை வெட்டுகிறார். கூடப் பெட்டி சுமக்கும், முன்பு மன்னாரில் கோயில் பாண்டு வாத்தியத்தில் ட்ரம்பெட் ஊதிய டெனிஸ்டன் நெளிவை விரலால் தடவிப் பார்க்கிறான். "இண்டைக்கு விழுந்ததெண்டால் பித்தளை மினுங்கும் அண்ணை. இதுக்குள்ள களிம்பு பச்சையாப் பிடிச்சுக் கிடக்கு. ஆளுக்கு மூச்சில்லை, பழி உங்களுக்கு!" அதையே மேலாளருக்கு இத்தாலியத்தில் சொல்கிறான். வெட்டிய பெயரை மேலாளர் திரும்ப எழுதுகிறார். ஊதுகிறவன் கண்ணாடி பார்த்துச் சாயமடித்த முடியைச் சீவுகிறான். அருளையாவிடம் அவன் கேட்கவேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.